பல் வைத்தியமும் கிருமித் தூய்மையும்

பல் பிடுங்குவிக்கச் செல்வோர் அஞ்சுவது வைத்தியர் கையிலுள்ள குறடொன்றையே. அதனினும் அஞ்சத்தக்க பொருள் அருகே மேசைமீது அமைதியாய் வீற்றிருத்தலுங் கூடும். யாம் இவ்வாறு கூறுதற்குக் காரணம் உண்டு.

2022-23-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வடபகுதியில் மெலியாய்டோசிஸ் என்னும் நோய் சிலருடைய மூளையைத் தாக்கிற்று. அவருட் பதின்மர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவ நிலையத்திற் சிகிச்சை பெற்றவர். அப்பதின்மருள் எண்மர் மாண்டனர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் அரசாங்கச் சுகாதாரத் துறையினரும் பிறரும் கூடி ஆராய்ந்தபோது அவர்தம் ஐயம் சென்று நின்றது ஓர் உப்புநீர்ப் புட்டியின்மேல். ஈறு விலக்கும் கருவியாலேயே அதனைத் திறந்து, பின் தளர மூடிவைத்து, மீண்டும் எடுத்து வழங்கியிருந்தனர். அக்கிருமி ஈரமண்ணிலும் வயல்நீரிலும் வாழ்வது. வாலை வடித்த நீரிலும் ஆண்டுக்கணக்காய் உயிர் தரிக்க வல்லது. (இந்நோயை 1912-இல் இரங்கூனிலிருந்து முதன்முதல் விரித்தெழுதிய இருவருள் ஒருவர் கிருஷ்ணசுவாமி என்னும் நம் நாட்டவர்.) புதுப்புட்டி ஒன்றின் விலை யாது? எட்டு உயிர்களின் விலை யாது?

நிற்க. வாய் என்பது உமிழ்நீரும் குருதியும் ஒருங்கே கலக்கும் இடம். பல்லைத் துளைக்கும் கருவியோ நிமிடத்துக்கு மூன்று இலட்சம் முறைக்கு மேலும் சுழல்வது. அதன் வெம்மை தணியப் பாய்ச்சும் நீர் அவ்விரண்டையும் அள்ளிக்கொண்டு நுண்துளியாய் அறையெங்கும் பரவும். ஆதலின் முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் பணியாளருக்கு அணிகலன்கள் அல்ல, கவசங்கள். ஈரல் அழற்சி 'பி' நோயுற்றார்க்கு இட்ட ஊசி, தடுப்பூசி பெறாத பணியாளர் கையிற் குத்தின், நூற்றுக்கு 6 முதல் 30 வரை அந்நோய் தொற்றும் என்பர்.

கையுறை அணிந்தார் கை கழுவ வேண்டுவதில்லை என்பது பிழை. உறையினும் நுண்டுளை உண்டு. வியன்னா நகரத்துச் செம்மல்வைசு 1847-இலேயே கை கழுவுதலின் பயனைக் காட்டினார். பிலாத்து கை கழுவியது பழியினின்று நீங்குதற்கு; வைத்தியர் கழுவுவது பழி நேராமற் காத்தற்கு.

கருவிகளை வெறுங் கொதிநீரில் இடுதலும் போதாது. சில கிருமிகள் வித்துப்போல் ஒடுங்கி 100 பாகை வெப்பத்தையும் பொறுத்திருக்கும். பாஸ்டரின் துணைவர் சேம்பர்லாண்டு 1879-இல் அமைத்த ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்தில், அழுத்தத்தோடு 121 பாகையிற் பதினைந்து நிமிடமேனும் வைத்தல் வேண்டும். அதற்கு முன்னரே குருதியும் ஊனும் நீங்கத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. அழுக்கின் உள்ளே ஆவி நுழையாது. இத்தேய்க்கும் வேலை வைத்தியருடையதன்று. பெயர்கூட நாம் கேட்டறியாத உதவியாளர் ஒருவர் பின்னறையில் நின்று செய்வது. நோயாளியின் உயிர் ஒருவாறு அவர் கையிலேயே உளது. ஆயினும் அவருக்கு முறையான பயிற்சி தருவாரும் தடுப்பூசி இடுவிப்பாரும் எத்துணையர்?

இன்னும் ஒன்று. நாற்காலியோடு பொருத்திய நீர்க்குழல்கள் மிக ஒடுங்கியவை. இரவெல்லாம் நீர் தேங்க, உட்சுவரிற் கிருமிகள் பாசிபோற் படியும். 2016-இல் அமெரிக்காவின் அனஹைம் நகரில் பற்சிகிச்சை பெற்ற சிறுவர் பலர் இத்தகைய நீராலேயே தாடை நோயுற்றனர். குழலை மருந்திட்டுத் தூய்மை செய்தலும், ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் சிறிதுநேரம் நீரை ஓடவிடுதலும் விதி. எலும்பு திறக்கும் சிகிச்சைக்கோ குழல்நீர் ஆகாது. கிருமியற்ற உப்புநீரே வேண்டும். அவ்வுப்புநீரும் எவ்வாறு கெடும் என்பதை வாணியம்பாடியிற் கண்டோம்.

கருவிப்பொதியின்மீது நிறம் மாறும் கோடொன்று உண்டு. அது வெப்பம் பட்டமையைக் காட்டுமேயன்றிக் கிருமி மாண்டமையைக் காட்டாது. அதனை அறிதற்கு வாரந்தோறும் உயிருள்ள வித்துக்களைக் கலத்தினுள் வைத்தெடுத்து, அவை பின்னர் முளைக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பொதியைத் தம் கண்முன்னரே பிரிக்குமாறும், உப்புநீர்ப் புட்டியைப் புதிதாய்த் திறக்குமாறும் நோயாளி கேட்கலாம்; நல்ல வைத்தியர் அதற்குச் சினவார்.