மானாவாரிக்கு மரத்துணை

காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூர் வட்டாரத்தில் கடப்பாறை போட்டால் பல இடங்களில் சீக்கிரமே சரளை தட்டும். அதற்கும் கீழே செம்புறாங்கல். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மி.மீ. அளவில் மழை உண்டு என்றாலும், அதில் கணிசமான பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டி முடிந்துவிடும். கண்மாய் பெருகினால் நெல், ஏமாற்றினால் தரிசு.

பருவம் தவறுவது வாடிக்கையாகிவிட்ட காலத்தில், ஒரே போகத்தை நம்பியிருப்பது ஆபத்து. பயிர், மரம், கால்நடை மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து நடத்தும் வேளாண் காடு இங்கேதான் கைகொடுக்கிறது. 2014-இல் இதற்கென்றே தேசியக் கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியா. ஆனால் வரப்பில் பனையும் களத்துமேட்டில் வேம்பும் வைத்தவர்களுக்கு இது புதுச்சங்கதி அல்ல. 1981-இல் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில், தமிழகக் கண்மாய்களுக்குள் கருவேலம் வளர்க்கப்பட்டது.

மரம் செய்யும் வேலை பல. காற்றின் வேகத்தைத் தணித்து மண்ணின் ஈரம் சீக்கிரம் உலராமல் காக்கும். உதிரும் இலை மக்கி உரமாகும். வரப்பில் நட்ட கிளைரிசிடியாவை வெட்டி வயலில் போட்டால் தழைச்சத்து கிடைக்கும். மழை பொய்த்த ஆண்டில் பயிர் கருகினாலும் மரம் நிற்கும். அவசரத்துக்கு வெட்டி விற்கலாம்.

பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் இதைச் செய்து காட்டியவர், 2018-இல் மறைந்த 'மரம்' தங்கசாமி. பயிர் விவசாயத்தில் நொடித்துப்போய் மரத்துக்கு மாறிய அவர், சேந்தன்குடியில் உருவாக்கிய கற்பகச் சோலையைப் பார்க்க விவசாயிகள் தேடி வந்தார்கள். அந்த மாவட்டத்தின் சமவெளியில் இன்று மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியும் காசு பார்க்கிறார்கள்.

பலருக்கும் ஆசை சந்தனத்தின் மேல்தான். பட்டா நிலத்தில் அதை வளர்க்க 2002-இல் சட்டம் திருத்தப்பட்டது. வெட்டி விற்பதற்கு மட்டும் வனத்துறை வழியாகவே போக வேண்டும். சந்தனம் தனியாக நட்டால் தேறாது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைக் கவ்விச் சத்தை உறிஞ்சும். அதனால் நாற்றுப் பையில் பொன்னாங்கண்ணி, வயலில் நட்டபின் துவரை, சவுக்கு என்று ஒவ்வொரு வயதிலும் அதற்கு ஒரு துணை வேண்டும்.

பெரிய சிக்கல், காத்திருப்பு. சவுக்குக்கு மூன்று, நான்கு ஆண்டு, மலைவேம்புக்கு ஆறேழு, தேக்குக்கு இருபதுக்கு மேல். எல்லாவற்றையும் கலந்து நட்டு, இடையில் உளுந்தோ கடலையோ போட்டால்தான் வீட்டுச் செலவு ஓடும். தைலமரத்தை மட்டும் ஏக்கர் கணக்கில் நடுவது வேளாண் காடாகாது; நிலத்தடி நீர் வற்றுகிறது என்று புதுக்கோட்டை விவசாயிகள் அதை எதிர்த்து வருகிறார்கள்.

தமிழக அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசம். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். பிழைத்து நிற்கும் கன்றுக்குப் பராமரிப்பு ஊக்கத்தொகையும் அந்தத் திட்டத்தில் உண்டு. மேய்ச்சல் ஆடு புழங்கும் ஊர்களில் முள்வேலிச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டு, ஆடியில் குழி வெட்டி ஆறப்போட்டு, ஐப்பசி மழை மண்ணில் இறங்கியதும் நடலாம்.