படம் எங்கே இருக்கிறது? மட்டக்களப்பில் அன்றும் இன்றும்

அன்று மட்டக்களப்பில் ஒரு குடும்பத்தின் படங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் இருந்தன. ஒன்று சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டம், மற்றது அலுமாரிக்குள் பத்திரப்படுத்திய அல்பம். வீட்டுக்கு வெளியே ஸ்ரூடியோவில் நெகற்றிவ் இருந்தது. அதைக் கடதாசி உறைக்குள் போட்டு, உறையில் ஓர் எண்ணை எழுதி, கொப்பியில் அதே எண்ணுக்கு நேரே பெயரையும் திகதியையும் குறித்து வைப்பார்கள். வருடங்கள் கழித்து இன்னொரு பிரதி கேட்டுப் போனாலும், எண் தெரிந்தால் உறை கைக்கு வந்துவிடும்.

ஒழுங்கு நல்ல ஒழுங்குதான். ஆனால் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் ஈரக்காற்று கண்ணாடிக்குள்ளும் பூஞ்சணம் ஏற்றும். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள் உயிரைக் காத்துக்கொண்டு ஓடினார்கள். அல்பத்தை எடுக்க எத்தனை பேருக்கு நேரம் இருந்திருக்கும்? 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த நாவலடியில் சுவர்களையே அள்ளிக்கொண்டு போனது. ஒரே பிரதியாக இருந்த படத்துக்கு ஒரே அழிவு போதும்.

2005இல் தொடங்கிய நூலகம் வலைத்தளம் இன்றைய ஒழுங்குக்கு நல்ல சான்று. இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், மலர்களை அது பக்கம் பக்கமாக மின்வருடி வைக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் உண்டு. 3467ஆம் நூலின் கோப்பு 35ஆம் கோப்புறைக்குள் இருக்கும். நூறு நூலுக்கு ஒரு கோப்புறை. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் மீடியாவிக்கி மென்பொருளின் தரவுத்தளத்தில் தனியே இருக்கின்றன. உறை ஓரிடம், கொப்பி ஓரிடம், இரண்டையும் இணைப்பது எண். ஸ்ரூடியோக்காரர் செய்ததும் இதைத்தான்.

படத்தையே தரவுத்தளத்துக்குள் போடவும் முடியும். 2006இல் மைக்ரோசொப்ற் ஆய்வாளர்கள் இரண்டு முறைகளையும் சோதித்தார்கள். 256 கிலோபைற்றுக்குக் குறைந்தவற்றுக்குத் தரவுத்தளமும், ஒரு மெகாபைற்றுக்கு மேற்பட்டவற்றுக்குக் கோப்புறையும் ஏற்றவை என்று கண்டார்கள். இன்றைய கைபேசிப் படம் ஒன்றே பல மெகாபைற் வரும் என்பதால், நம் ஊர்க் கோயில், பாடசாலைகளின் வலைத்தளங்களுக்குக் கோப்புறைதான் பொருத்தம். படத்தின் இருப்பிடமும் விவரமும் மட்டும் தரவுத்தளத்தில் இருந்தால் போதும்.

பார்ப்பவருக்குக் காட்டும்போது சிறிய பிரதியைக் காட்ட வேண்டும். முந்நூறு பிக்சல் அகலத்தில் தெரியப்போகும் திருவிழாப் படத்துக்கு ஐந்து மெகாபைற்றை இறக்கச் சொன்னால், டேட்டா காசு பார்ப்பவரின் தலையில்தான் விழும். பேஸ்புக் ஒவ்வொரு படத்தையும் நான்கு அளவுகளில் வைத்ததால், 2010இல் 6,500 கோடி படங்கள் அங்கே 26,000 கோடிக் கோப்புகளாக இருந்தன. நம் ஊர் வலைத்தளங்களுக்கு இரண்டு அளவுகள் போதும். மூலப்படத்தை மட்டும் தொடாமல் வைக்க வேண்டும்.

இன்றைய அழிவு சத்தமில்லாமல் வருகிறது. தளத்தை ஒரு சேர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டு கோப்புறையை விட்டுவிட்டால், பக்கம் முழுவதும் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும். கோப்புறை தப்பித் தரவுத்தளம் போனால், கமெரா வைத்த எண்களோடு ஆயிரம் முகங்கள் கிடக்கும். யாருடையவை என்று எந்தக் கணினியும் சொல்லாது.

தமிழுக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. நம் நாட்டில் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவில், திரையில் 'ம' என்று தெரிவது உள்ளே 'கே' என்ற ஆங்கில எழுத்து. அப்படிப் பதிந்த படவிவரங்களில் 'மட்டக்களப்பு' என்று யூனிகோட்டில் தேடினால் ஒன்றும் அகப்படாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் யூனிகோட்டைத் தன் இயல்பான தெரிவாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன் அமைப்பைக் கவனித்து மாற்றாத தளங்களில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறி வரிசைகளாகின.

கல்லடிப் பாலத்தின் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1924இல் கட்டிய இரும்புப் பாலம் மட்டும் தெரிந்தால், 2013இல் புதிய பாலம் வருவதற்கு முன் எடுத்தது என்று ஊகிக்கலாம். பாலத்தில் நிற்கும் பெண் யார், எடுத்தவர் யார், எந்த வீட்டு அல்பத்திலிருந்து வந்தது, வெளியிட அந்த வீட்டார் சம்மதித்தார்களா என்பதை ஊகிக்க முடியாது. தரவுத்தளத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் வேண்டும். படத்தை ஏற்றும் அன்றே நிரப்ப வேண்டும்.

பேஸ்புக்கில் போட்டாயிற்றே என்று பலர் ஆறுதல் கொள்கிறோம். அங்கே போன படம் சுருங்குகிறது. எடுத்த திகதி போன்ற உள்விவரங்களும் கழன்றுவிடுகின்றன. அது பகிர்வதற்கான இடம், பாதுகாப்புக்கு நம்பத்தக்கதல்ல.

கோப்புறையும் தரவுத்தளமும் ஒன்றாக மூன்று பிரதிகளில் இருக்கட்டும். அதில் ஒன்று வாவியும் கடலும் எட்டாத ஊரில் இருக்கட்டும். இதைக் கணினி படித்த பிள்ளைகள் ஒரு கிழமையில் செய்துவிடுவார்கள். விவரம் சேர்ப்பதுதான் அவசரம். பழைய படத்தைப் பார்த்து, இது இன்னாரின் மகள், இது இன்ன வருடத்துச் சடங்கு என்று சொல்லக்கூடிய அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இன்று நம்மோடு இருக்கிறார்கள். படத்தை மின்வருடியில் வைக்கும் முன், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.