கட்டடங்களின் கதை – 14: குளிரும் கான்கிரீட்டும்

சிமெண்டில் நீர் பட்ட மாத்திரத்தில் ஆரம்பிக்கும் ரசாயன மாற்றத்தின் வேகம் உஷ்ணத்தைப் பொறுத்தது என்று சென்ற வாரம் ஒரே வரியில் சொல்லி நிறுத்தியிருந்தேன். அந்த ஒரு வரிக்குள் எத்தனை பெரிய விபரீதம் அடங்கியிருக்கக்கூடும் என்பதற்கு, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒஹையோ நதிக்கரையில் உள்ள வில்லோ ஐலண்டு என்னும் ஊரில் நடந்ததே சாட்சி.

அங்கே நிர்மாணமாகிக்கொண்டிருந்த அனல் மின்நிலையத்தின் இரண்டாவது குளிர்விப்புக் கோபுரம், 430 அடி உயரம் எழும்ப வேண்டியது, 1978 ஏப்ரல் மாதக் கடைசியில் சுமார் 166 அடி வளர்ந்து நின்றது. அதன் சாரம் தரையிலிருந்து கட்டியதன்று. ஐந்தைந்து அடி உயரமுள்ள வளையங்களாகச் சுவர் எழும்ப எழும்ப, அந்தச் சுவரையே போல்ட்டுகளால் பற்றிக்கொண்டு சாரமும் மேலே ஏறிப் போகும்படியான ஏற்பாடு. ஆகவே, நேற்றுப் போட்ட கான்கிரீட் இன்றைக்குப் பாரம் தாங்கியே தீர வேண்டும். ஏப்ரல் 27, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு, 29ஆவது வளையத்துக்கான கான்கிரீட் வாளி மேலே போய்க்கொண்டிருந்த சமயத்தில், முந்தின நாள் போட்டிருந்த 28ஆவது வளையம் ஓரிடத்தில் பிளந்து, அந்தப் பிளவு இரு புறமும் ஓடிச் சுற்று முழுவதையும் உரித்துக்கொண்டு, சாரத்தோடும் அதன்மேல் நின்றிருந்த 51 தொழிலாளர்களோடும் கோபுரத்தின் உட்புறம் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

காரணத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய பீரோ, போதிய பலம் வருமுன்பே அந்த வளையத்தின்மீது பாரத்தை ஏற்றியதே சரிவுக்கு ஹேதுவாக இருக்க வேண்டும் என்று முடிவு கூறிற்று. அந்தக் கான்கிரீட்டுக்கு வயது ஒரு நாள்; அந்த ஒரு நாளிலும் சராசரி உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேடைக்கூட எட்டவில்லை. ஐந்து வருஷங்களுக்கு முன், 1973 மார்ச் 2 அன்று, வர்ஜீனியாவின் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸில் கட்டப்பட்டு வந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், 23ஆவது மாடித் தளத்தின் முட்டுகளைக் காலத்துக்கு முன்பே எடுத்துவிட்டதால் 14 பேர் மாண்ட சம்பவத்திலும், நாலு நாள் வயதான அந்தத் தளம் கண்ட சராசரி உஷ்ணம் சுமார் 7 டிகிரிதான் என்று அதே பீரோ கண்டறிந்திருந்தது.

நம் ஊர் மேஸ்திரிக்கு, க்யூரிங் என்றால் தண்ணீர் விடுவதுதான். வெயில் ஈரத்தைக் குடித்துவிடுமே என்பதுதான் அவர் கவலை. குளிர் தேசத்து மேஸ்திரிக்கோ ஈரம் இருந்தும் போதாது. பலம் வருவதற்குள் கான்கிரீட் உறைந்துபோனால், உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருத்து இளம் பிணைப்புகளைப் பிளந்துவிடும். அதற்கப்புறம் எத்தனை நாள் காத்தாலும் முழு பலம் திரும்புவதில்லை. வில்லோ ஐலண்டில் நடந்தது இது அன்று. உறையாத குளிர் கான்கிரீட்டைக் கெடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: ஆரம்பத்தில் மிதமான குளிரில் மெதுவாக இறுகிய கான்கிரீட், பல வாரங்கள் சென்றபின், உஷ்ணத்தில் அவசரமாக இறுகியதைப் பலத்தில் மிஞ்சிவிடுவதுண்டு. மந்தமாக நடக்கும் ரசாயன மாற்றத்தின் விளைபொருள்கள் சிமெண்டுத் துகள்களிடையே சீராகப் பரவ அவகாசம் கிடைப்பதே காரணம் என்பார்கள். ஆனால், மறுநாள் காலையிலேயே சாரத்தைப் பூட்டப் போகிறவனுக்கு அந்தப் பிற்காலச் செல்வத்தால் என்ன பிரயோஜனம்?

ஆக, கான்கிரீட்டின் வயதை நாட்கணக்கில் மட்டும் எண்ணுவது தகாது என்று ஏற்படுகிறது. இங்கிலாந்தில் 1949இல் நர்ஸ் என்பவரும் 1951இல் சால் என்பவரும் இதற்கொரு கணக்கை முன்வைத்தார்கள்: காலத்தையும் உஷ்ணத்தையும் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகையையே கான்கிரீட்டின் முதிர்ச்சியாகக் கொள்வது. உஷ்ணத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியிலிருந்து எண்ணுவது வழக்கம். அதற்கும் கீழே இறுகும் காரியம் அநேகமாக நின்றுவிடும் என்பது அனுமானம். இந்தக் கணக்குப்படி 20 டிகிரியில் ஒரு நாள் இருந்த கான்கிரீட்டின் முதிர்ச்சி 30; 5 டிகிரியில் அதே முதிர்ச்சியை அடைய முழுசாக இரண்டு நாள் வேண்டும். சூத்திரம் தோராயமானதுதான். ஆயினும் அந்த இரு விபத்துகளையும் ஆராய்ந்த பீரோவின் நிபுணர்கள் இதில் ஊக்கம் கொண்டு பரிசோதனைகள் நடத்தியதன் பயனாக, 1987இல் இந்த முறை அமெரிக்காவில் ஒரு தர விதியாகவே வெளிவந்தது. வார்த்த தளத்துக்குள் உஷ்ணமானியைப் புதைத்து வைத்து, அது காட்டும் கணக்கை அதே கலவையின் பலப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, சென்ட்ரிங் பிரிக்கலாமா, இன்னும் ஓர் இரவு பொறுக்கலாமா என்று தீர்மானிக்கிறார்கள். அந்தப் பட்டியலை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.