மானம் குன்றாத சோறு

பசித்தவனுக்குச் சோறிடுவது பெரிய அறம். அவன் தலை குனியாமல் உண்ணுமாறு இடுவது அதனினும் பெரிய அறம். முன்னதற்குப் பொருள் இருந்தால் போதும். பின்னதற்கு மனம் வேண்டும், முறையும் வேண்டும். திருவனந்தபுரம் நாட்டில் இந்த இரண்டாவது அறத்திற்காகப் பாடுபட்டவர் பலர். அவர்களுள் தமிழரும் உளர். பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் அவ்வரலாற்றைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கல்லாற்றின் பாடம்

விடுமுறை நாளில் பொன்முடிக்குச் செல்லும் நம் அன்பர்கள் வழியில் கல்லாற்றில் இறங்கிக் கால் நனைக்காமல் போவதில்லை. நகரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவு. விதுரையைக் கடந்தால் கூழாங்கற்களின் மேல் தெளிந்த நீர் சலசலத்து ஓடுகிறது. பின்னர் வாமனபுரம் ஆறு எனப் பெயர் பெறுவது இந்நீரே. நாம் நீரைப் பார்க்கிறோம், கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்கிறோம், மலை ஏறிவிடுகிறோம். அக்காட்டினுள் வாழும் காணி மக்களைப் பற்றி நினைப்பதில்லை. அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். அவ்வகையில் அவர்கள் நமக்கு அயலார் அல்லர்.

கல்லாற்று மொட்டமூட்டில் வாழும் லட்சுமிக்குட்டி அம்மையாருக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நஞ்சு முறிக்கும் பச்சிலை வைத்தியத்தில் தேர்ந்தவர். ஏறத்தாழ ஐந்நூறு மருந்து முறைகளை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருப்பவர் என்று அவரைப் போற்றுவர். எந்த இலை மருந்து, எது நஞ்சு என்னும் அறிவு இம்மக்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்தது. அது கடையில் விலைக்குக் கிடைப்பதன்று.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1987இல் அகத்தியமலைக் காட்டிற்குச் சென்ற தாவர ஆராய்ச்சியாளர்கள் மலையேறிக் களைத்தனர். வழிகாட்டிய காணி இளைஞர்களோ களைப்பின்றி நடந்தனர். அவர்கள் இடையிடையே ஒரு சிறு செடியின் காயைத் தின்று வந்ததே காரணம் எனத் தெரியவந்தது. அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டுத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கிற்று. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமையைக் கோயமுத்தூர் ஆரிய வைத்திய நிறுவனம் பெற்றது. அவ்வுரிமைத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என வகுக்கப்பட்டது. அதைப் பெறுவதற்காக 1997இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. கொடுத்தவர்கள் வறியவர், பெற்றது உலகம். வறியவன் என்றால் வாங்குவதற்கு மட்டுமே பிறந்தவன் என்று எண்ணுவோர் இதை ஒருமுறை சிந்தித்தல் வேண்டும்.

அந்த அறிவும் நிலமும் கை நழுவினால் என்ன நேரும் என்பதைப் பாலக்காட்டு அட்டப்பாடி காட்டிற்று. இருளர், முதுகர், குறும்பர் வாழும் மலைநாடு அது. இருளர் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது. கேழ்வரகும் சாமையும் துவரையும் விளைந்த நிலங்கள் சுருங்கின. தட்டில் வெறும் அரிசிச்சோறே எஞ்சிற்று. 2013இல் அங்குப் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அரிசி இல்லாமல் அன்று, சத்தான உணவு இல்லாமையால் தாய்மார் இரத்தம் குன்றியிருந்தனர். அதன் பின்னர் ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் எழுந்தன. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் முதியோர்க்கும் அங்குச் சோறு வடித்தவர்கள் வெளியூர்ச் சமையற்காரர்கள் அல்லர். அந்தந்த ஊர்ப் பெண்களே. சிறுதானியப் பயிரை மீண்டும் எழுப்பும் முயற்சியும் தொடங்கிற்று. தம் ஊர்ப் பெண் தம் அடுப்பில் சமைத்துப் பரிமாறும் உணவில் பிச்சை என்னும் வாடை இராது. இது சிறு செய்தி அன்று.

ஒரே பந்தி

மலையில் மானம் இவ்வாறு அடுப்பைச் சார்ந்து நின்றது. சமவெளியிலோ அது பந்தியைச் சார்ந்து நின்றது. 'பந்திக்கு முந்து' என்பது நம் பழமொழி. ஆனால் எவ்வளவு முந்தினாலும் பந்தியில் இடம் கிடைக்காத மக்கள் பழைய திருவிதாங்கூரில் இலட்சக்கணக்கில் இருந்தனர். அடுப்பு எரிந்தது, சோறும் வெந்தது, அவர்கள் இலை மட்டும் வெளியே இருந்தது.

அதை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் சுவாமித்தோப்பு வைகுண்டர் (1809–1851). அரசரின் சினத்திற்கு ஆளாகித் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறையிருந்தவர் அவர். எல்லோரும் நீர் இறைக்கும் பொதுக்கிணறு, எல்லோரும் ஒன்றாய் உண்ணும் சமபந்தி ஆகிய இரண்டையும் தம் மக்களுக்குப் பழக்கினார். வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் கூடித் துவையல் தவசு இருந்தபோது, அரிசியும் பாசிப்பயறும் சேர்த்து வேகவைத்த உணவை நாளுக்கு ஒருவேளை ஒன்றாயிருந்து உண்டனர் என்பது மரபு. எளிய உணவுதான், ஆயினும் சத்துள்ளது, தூய்மையானது, யாரும் யாருக்கும் கீழிருந்து உண்ணாதது.

அடுத்தவர் தைக்காட்டு அய்யா சுவாமிகள். தமிழ்நாட்டில் பிறந்து திருவனந்தபுரம் வந்து, தைக்காட்டு ரெசிடென்சியில் சூப்பிரண்டாக உத்தியோகம் பார்த்து, 1909இல் மறைந்த பெரியவர். அலுவலகத்தில் கோப்புகளோடு உழன்ற ஒருவர், சட்டம்பி சுவாமிகளுக்கும் ஸ்ரீ நாராயண குருவுக்கும் வழிகாட்டியாக விளங்கினார் என்பது நம்மனைய குமாஸ்தாக்களுக்கெல்லாம் பெருமை தருவதே. தைப்பூச நாளில் சாதி பாராமல் எல்லோரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்பித்தார் என்றும், அப்பந்தியில் அய்யன்காளியும் அமர்ந்தார் என்றும் கூறுவர். அவர் வழியிலேயே 1917இல் சகோதரன் அய்யப்பன் செறாயியில் மிச்ரபோஜனம் நடத்தியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஒன்றாய் உட்கார்ந்து உண்ணுவதற்கே அத்தனை போர் தேவைப்பட்டது!

இருபது ரூபாய் இலை

சாதிச் சுவர் தளர்ந்தபின் காசுச் சுவர் நின்றது. அதனை அசைத்துப் பார்த்தவர்கள் குடும்பஸ்ரீப் பெண்கள். 1998இல் தொடங்கப்பட்ட அவ்வியக்கம் அண்டை வீட்டுப் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தது. அங்கன்வாடிகளில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வழங்கப்படும் 'அமிர்தம்' சத்துமாவைக் கோதுமை, கடலை, நிலக்கடலை, சோயா முதலியவை சேர்த்து அரைத்துத் தருபவர்களும் அவர்களே.

2020 மார்ச்சில் கொரோனா நோய்க்காக நாடு அடைக்கப்பட்டபோது, கேரளத்து உள்ளாட்சி மன்றங்கள் சமுதாயச் சமையற்கூடங்களைத் திறந்தன. அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் இப்பெண்கள். வடநாட்டுத் தொழிலாளர் முகாம்களில் சோற்றுப் பொட்டலத்தைவிட, தாமே சமைத்துக்கொள்ள ஆட்டாவும் பருப்பும் உருளைக்கிழங்கும் வேண்டும் என்னும் விருப்பம் எழுந்தது. அவ்வாறே வழங்க அரசும் ஏற்பாடு செய்தது. பசித்தவனுக்கும் நாக்கு உண்டு, ஊர் உண்டு, பழக்கம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட செயல் அது.

அவ்வாண்டே 'ஜனகீய ஓட்டல்' என்னும் மக்கள் உணவகங்கள் பரவின. சோறு, குழம்பு, தோரன், ஊறுகாய் அடங்கிய சாப்பாடு 20 ரூபாய். சாப்பாடு ஒன்றுக்கு அரசு 10 ரூபாய் மானியம் தந்தது. அரிசி கிலோ 10 ரூபாய் 90 காசுக்குக் கிடைத்தது. ஆயிரத்திற்கு மேற்பட்ட உணவகங்கள் எழுந்தன. இங்கே சுமை தூக்குபவரும் கல்லூரி மாணவரும் எம் போன்ற குமாஸ்தாவும் ஒரே பெஞ்சில் அமர்ந்து உண்டனர். யார் வறியவர் என்று யாரும் கேட்கவில்லை. சான்றிதழ் காட்டவும் சொல்லவில்லை. காசு கொடுத்து உண்பவன் தலை குனிவதில்லை. இதற்கு முன்பே, 2018இல், ஆலப்புழைப் பாதிரப்பள்ளியில் கல்லாப்பெட்டிக்காரரே இல்லாத ஒரு மக்கள் உணவகம் தொடங்கியது. பசியாற உண்டு, இயன்றதைப் பெட்டியில் இட்டுச் செல்லலாம்.

ஆனால் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. மானியத் தொகை பல மாதங்கள் நிலுவையில் நின்றது. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கடைக்குச் சாமான் போட்ட பெண்கள், தமக்கு வரவேண்டிய பணத்திற்காகத் தெருவில் இறங்கிப் போராட நேர்ந்தது. 2023 ஆகஸ்டில் மானியம் நிறுத்தப்பட்டது. சாப்பாட்டின் விலை 30 ரூபாயாயிற்று. உண்பவனின் மானத்தைக் காப்பதற்காகச் சமைப்பவளின் மானத்தை அடகு வைப்பது எந்த அறத்திற்கும் அடுக்காது. மலிந்த சோற்றின் குறைந்த விலையை யாரோ ஒருவர் சுமந்தே தீரவேண்டும். அதை ஊர் முழுவதும் சுமக்க வேண்டுமேயன்றி, அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தோளில் ஏற்றலாகாது.

எமது ரயில்வேயிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. 2023இல் சில நிலையங்களில், ரிசர்வேஷன் இல்லாத பொதுப் பெட்டிகள் வந்து நிற்கும் இடத்திற்கு எதிரிலேயே, ஏழு பூரியும் உருளைக்கிழங்கு மசியலும் ஊறுகாயும் 20 ரூபாய்க்கு விற்கும் கடைகள் வைக்கப்பட்டன. கூட்டத்தில் பிதுங்கி வருபவன் இடத்தை இழந்துவிடுவோமோ என்று அஞ்சி இறங்கமாட்டான். அதை அறிந்து கடையை அவனிடம் கொண்டு சென்றதே இதில் பாராட்டத்தக்கது.

நாம் செய்யத்தக்கது

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு உடனே பயன்படும் செய்தி ஒன்று. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. கேரளமும் அதில் உண்டு. ஆகவே ஊரில் பெற்ற அட்டையைக்கொண்டே, ஆதார் எண் இணைத்திருந்தால், இங்குள்ள ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்துத் தானியம் பெறலாம். குடும்பத்தில் சிலர் ஊரிலும் சிலர் இங்குமாக இருந்தால் பங்கைப் பிரித்தும் பெறலாம். ஆனால் இது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்ட முன்னுரிமை அட்டைக்கும் அந்தியோதயா அட்டைக்குமே பொருந்தும். அட்டையில் பி.எச்.எச். என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. என்.பி.எச்.எச். என்றிருந்தால் இவ்வசதி இல்லை. முன்னுரிமை அட்டைக்கு ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ. 2023 ஜனவரி முதல் விலையின்றியே வழங்கப்படுகிறது. இது யாருடைய தயவும் அன்று. சட்டம் தந்த உரிமை. கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்துள்ள நம்மவர் பலர் இதை அறியாமல் வெளிச்சந்தையில் அரிசி வாங்கித் தவிக்கின்றனர். படிக்கத் தெரிந்த நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் இவ்வாறான ஒரு குடும்பத்துடன் ஒருநாள் ரேஷன் கடை வரை நடந்து சென்றால், அதுவே பெரிய அன்னதானம்.

இன்னும் இரண்டு வேண்டுகோள். சங்கத்தின் பொங்கல் விருந்துக்குரிய சமையலை அருகிலுள்ள குடும்பஸ்ரீப் பெண்களிடம் ஒப்படைத்து, கூலியை அன்றே தீர்த்துவிடுவோம். அவ்விருந்தில் நன்கொடையாளருக்கு முதற்பந்தி, ஏனையோர்க்குக் கடைப்பந்தி என்னும் வழக்கத்தையும் விட்டொழிப்போம். மீந்ததைப் பொட்டலம் கட்டி வாசலில் நிற்பவருக்கு நீட்டுவதைக் காட்டிலும், அவரையும் அழைத்து ஓர் இலை போடுவது நேர்.

கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே என்பது உலக வழக்கு. பந்தியிலோ எல்லோர் கையும் இலையின் மேல் ஒரே உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் குறையாமல் பார்த்துக்கொள்வோமாக.