காருக்குப் பின்னால் ஒரு வீடு

அமெரிக்காவில் விடுமுறை என்றால், ஒரு சக்கர வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம். அடுப்பு, கட்டில், பாத்திரம் எல்லாம் அதற்குள்ளேயே! அந்தச் சாமான்களை அடுக்குவதில்தான் உயிரே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? கனமானவற்றைப் பின்கோடியில் திணித்தால், வேகத்தில் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கிக் காரையே புரட்டிவிடக்கூடும். மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். 1,000 கிலோ வண்டியானால் 100 முதல் 150 கிலோ. மிஞ்சினாலும் வம்புதான்: காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். காவல் சங்கிலிகளைப் பெருக்கல் குறிபோல் மாட்டுகிறார்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அவை தாங்கும்.

ஆட்டம் கண்டுவிட்டதா? பதறிப்போய்க் காரின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தை மெள்ளத் தளர்த்தி, டிரெய்லருக்கென்று கையருகே உள்ள தனிப் பிரேக்கை அழுத்த வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அலறாமலிருந்தால் அதுவே பெரிய உபகாரம்!