பழைய சாமானில் ஆட்டுப் பரண்

ஓட்டு வீடு இடிக்கும் இடத்தில் பனங்கை, ரீப்பர், ஓடு எல்லாம் மலிவாகக் கிடைக்கும். தகரத்துக்கும் கம்பி வலைக்கும் பழைய இரும்புக் கடை இருக்கிறது. இவற்றைக் கொண்டு ஆட்டுக் கொட்டகை போடுகிற பலர், 'எட்டுத் தகரம் இருக்கிறது, எத்தனை ஆடு அடங்கும்?' என்று கூரையிலிருந்து யோசிக்கிறார்கள். தரையிலிருந்து யோசிப்பதே சரி. ஏனென்றால் ஆடு வெயிலை ஓரளவு தாங்கும், ஈரத்தைத் தாங்காது.

ஈரத்தில் நின்றால் குளம்பு ஊறி அழுகும். குட்டிகளுக்குக் கழிச்சல் தரும் கிருமிகள் ஈரச் சாணத்தில்தான் பெருகும். மூத்திரத்தில் உள்ள யூரியாவைச் சாணத்து நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா கிளம்பும். தரையோடு மூக்கை வைத்துப் படுக்கும் குட்டிக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும். நுரையீரல் புண்பட்டுச் சளி பிடிக்கும்.

இதற்கெல்லாம் பரண்தான் விடை. தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரத்தில் மரச் சட்டங்களை அரை அங்குல இடைவெளி விட்டு அடித்தால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், குட்டியின் கால் சிக்காது. இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வளைந்த பலகை இதற்கு ஆகாது. வளர்ந்த ஆட்டுக்கு 10 முதல் 15 சதுர அடி, குட்டிக்கு 5 சதுர அடி வேண்டும். 10 பெட்டை ஆடும் 12 குட்டியும் என்றால் 12 அடிக்கு 15 அடி போதும்.

பரணைத் தாங்க வேலியிலிருந்து பிடுங்கிய கல்கால்கள் நல்லவை. கரையான் அரிக்காது, மழையில் இற்றுப்போகாது. மேலே உத்தரத்துக்குப் பனங்கை போடலாம். பனையில் வெளிப்புறம்தான் வைரம், உள்ளே சோறு. தட்டிப் பார்த்து, பொத்தென்று சத்தம் வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

நீளப் பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் படும். நீளச் சுவர்களை முழுதாக அடைக்காமல் வலை அடித்துவிட்டால் காற்று ஓடும். மழைச் சாரலுக்குப் பழைய பிளக்ஸ் பேனரைச் சுருட்டி இறக்கும்படி வெளிப்பக்கமாகக் கட்டலாம். வாய்க்கு எட்டும்படி தொங்கினால் ஆடு கடித்துத் தின்னும். பிளாஸ்டிக் இரைப்பையில் தங்கிவிடும்.

பழைய தகரத்தில் ஆணித் துளைகள் இருக்கும். நெளிவின் மேட்டில் இருக்கும் துளையில் வாஷர் வைத்து மறுபடி ஆணி அடிக்கலாம். பள்ளத்தில் இருக்கும் துளையைக் கட்டாயம் அடைக்க வேண்டும். மழைத் தண்ணீர் பள்ளத்தின் வழியாகத்தான் ஓடும். மேலே சுண்ணாம்பு பூசினால் வெயிலின் ஒரு பங்கு திரும்பிப் போகும். கூரை விளிம்பு ஏழு, எட்டு அடி உயரத்தில் இருந்து, இரண்டடி வெளியே நீண்டிருக்கட்டும். ஓடு தகரத்தைவிடக் குளிர்ச்சி. ஆனால் கனம் அதிகம் என்பதால் ரீப்பர்களை நெருக்கமாக அடிக்க வேண்டும்.

சில சாமான்களைச் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பழைய ஆஸ்பெஸ்டாஸை அறுத்தாலோ துளையிட்டாலோ கிளம்பும் இழைகள் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். ரயில் தண்டவாளத்து மரக்கட்டையில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் நஞ்சு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். ஆடு நக்கும், கரண்டும்.

அதே தொழுவத்தில் மாடும் இருந்தால் ஆணி பெரிய ஆபத்து. ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும். விழுங்கிய ஆணி இரண்டாம் இரைப்பையில் தங்கி, அதை ஒட்டியுள்ள இதயத்தைக் குத்தலாம். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, வேலை நடந்த இடமெங்கும் இழுத்து ஆணிகளைப் பொறுக்கிவிடுங்கள்.

ஆணி, போல்ட், பரண் சட்டம் ஆகியவற்றைப் புதிதாக வாங்குவது நல்லது. கொட்டகை சரியாக அமைந்ததா என்று பார்க்க, விடியற்காலையில் உள்ளே போய் ஆட்டின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். கண்ணோ மூக்கோ எரிந்தால் பரணுக்கு அடியில் புழுக்கை தேங்கியிருக்கிறது, அல்லது காற்று போதவில்லை. முதலில் பரணுக்கு அடியில் கூட்டி அள்ளுங்கள். அப்போதும் எரிந்தால் வலைப் பக்கத்தை இன்னும் திறந்துவிடுங்கள்.