மார்ச் நோன்பும் கடைக் கணக்கும்

மார்ச் மாதத்தில் நோன்பு வந்தால் துணிக்கடைக்காரனுக்கு மூன்று வேலை ஒன்றாக வந்து விழும். நோன்புப் பெருநாள் வியாபாரம், சித்திரைப் புத்தாண்டு வியாபாரம், இவற்றுக்கு நடுவே மார்ச் 31இல் முடியும் வரி வருடத்துக்கான ஸ்டொக் கணக்கு. முதல் நோன்பு 2023இல் மார்ச் 24, 2024இல் மார்ச் 12, 2025இல் மார்ச் 2. மூன்று வருடமும் இதே நெருக்கடிதான். 2024இல் ஏப்ரல் 10 பெருநாள், 13 புத்தாண்டு.

மேல்நாடுகளில் இதை இளவேனில் என்பார்கள். எமக்கு இது வெயில் காலம். ஏப்ரல் முதல் வாரம் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே நிற்கும். நோன்பு நேரம் எந்தப் பருவத்திலும் இங்கே 13 மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கும். ஆளைச் சோர வைப்பது வெக்கைதான்.

எனக்கு வீடு கொட்டாஞ்சேனை, கடை வெள்ளவத்தை காலி வீதி. நோன்பு நாட்களில் ஸஹர் முடித்து, ஸுபஹ் தொழுத கையோடு புறப்பட்டு ஏழு மணிக்கே கடையைத் திறந்துவிடுவேன். ஏழிலிருந்து பத்து வரை ஸ்டொக் எண்ணும் வேலை. அஸருக்குப் பிறகு கணக்குக் கொப்பியைத் தொடுவதில்லை. ஒரு நோன்பில் மாலை ஐந்து மணிக்கு 68 சாரத்தை 86 என்று எழுதிவிட்டு, இல்லாத 18 சாரத்தை இரண்டு நாள் தேடினோம்.

கடைப் பொடியன்களில் பலர் தமிழர்கள், இருவர் சிங்களவர். எனக்கு முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு, பின்னறையில் அவசரமாக விழுங்குவார்கள். "தம்பிமாரே, ஆறுதலாகச் சாப்பிடுங்கள், நோன்பு எனக்குத்தான்" என்றேன். மஃரிபுக்கு வரும் கஞ்சியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. புத்தாண்டுக்கு அவர்கள் ஊர் போகுமுன் ஸ்டொக் எண்ணி முடியாவிட்டால் நான் தனியாள்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இப்படி எண்ணும் ஸ்டொக் கணக்கையே பலர் ஸகாத்துக்கும் வைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்து வந்தேன். அதில் இரண்டு பிழைகள் உண்டு.

முதலாவது விலை. வரிக் கணக்கில் சரக்கு வாங்கிய விலைக்கு எழுதப்படும். விற்கக்கூடிய விலை அதைவிடக் குறைந்தால் மட்டும் குறைந்ததை எழுதுவார்கள். ஸகாத்துக்கோ, கணக்கெடுக்கும் நாளில் சரக்கு என்ன விலை போகுமோ அதுதான் கணக்கு என்று உலமாக்கள் சொல்கிறார்கள். சாதாரண காலத்தில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. 2022இல் பட்டது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் ஏப்ரலில் 300ஐத் தாண்டியது. பழைய விலைக்கு வாங்கி ராக்கையில் கிடந்த இந்தியத் துணியெல்லாம் ஒரே மாதத்தில் வேறு பெறுமதி ஆகிவிட்டது. வாங்கிய விலைக்கு ஸகாத் கணக்குப் பார்த்தவர் ஏழைகளின் பங்கில் கணிசமான ஒரு தொகையைத் தன் லாபத்தோடு சேர்த்துக்கொண்டார். ராக்கை, தையல் இயந்திரம், வேன் ஆகியவை விற்பனைக்கு உரியவை அல்ல, அவற்றுக்கு ஸகாத் இல்லை. வரும் என்று உறுதியான கடன் சேரும். நாம் கொடுக்க வேண்டிய கடன் கழியும். நீண்டகால வங்கிக் கடனில் எவ்வளவு கழிக்கலாம் என்பதை உங்கள் பள்ளி மௌலவியிடமே கேளுங்கள், அதில் பல கருத்துகள் உண்டு.

இரண்டாவது பிழைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. சந்திர வருடம் 354 நாள், வரி வருடம் 365. வருடம் தோறும் 11 நாள் பிந்துகிறோம். வாப்பா கடையை என் கையில் தந்தது 1992இல். அந்த வருடமும் நோன்பு மார்ச்சில்தான் வந்தது. அன்றிலிருந்து மார்ச் 31 கணக்குக்கே ஸகாத் கொடுத்தேன். 2024 மார்ச்சில் நோன்பு மறுபடி அதே இடத்துக்கு வந்தபோது எண்ணிப் பார்த்தேன். ஹிஜ்ரி 1412இலிருந்து 1445 வரை 33 வருடம். நான் கழித்தது 32 மார்ச். ஒரு முழு வருட ஸகாத் என் கல்லாவிலேயே தங்கிவிட்டது.

மௌலவியிடம் கொப்பியோடு போனேன். அது உங்கள்மேல் உள்ள கடன், மதிப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றார். அந்தச் சீசன் லாபத்தில் பாதியையும், மிச்சத்தை அடுத்த நோன்பிலும் கொடுத்துத் தீர்த்தேன்.

மார்ச் 31 கணக்கை விட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2.5 வீதத்துக்குப் பதிலாக 2.577 வீதம் கொடுத்தால் அந்த 11 நாளும் அடங்கிவிடும். 40 இலட்சம் ரூபாவுக்கு ஒரு இலட்சம் கொடுப்பவர் 1,03,080 கொடுக்க வேண்டும். 3,080 ரூபாதான் வித்தியாசம்.

இப்போது என்னிடம் இரண்டு கொப்பிகள் உண்டு. நீலக் கொப்பி மார்ச் 31இல் எக்கவுண்டனுக்குப் போகும். சிவப்புக் கொப்பியை முதல் நோன்பன்று காலையில் திறப்பேன். இரண்டு முறை எண்ண வேண்டியிருக்கிறதே என்று பொடியன்கள்தான் முணுமுணுக்கிறார்கள்.